கடைசித் தூண்

அத்தியாயம் 7

“என் மருமக வாயாடி. சோம்பேறி. அவ போடற காபியைக் குடிச்சா நாக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடும். ஆனா திருட மாட்டா.”

இதைச் சொன்ன மாமியார் குடைநுனியால் மேஜையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மேஜைமேல் இருந்த பேனா எழும்பி, ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, ரேடியோவின் மடியில் வந்து விழுந்தது.

ரேடியோ என்பது ஆள். ஐம்பதை நெருங்கும் ஆண்பிள்ளை. பிறந்தபோது அழுவதற்குத் திறந்த வாயை இன்னும் மூடாததால் வந்த பெயர். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய அண்ணி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பொய்யர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். வேலையை விட்டதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் என்று ஒரு போர்டை மாட்டிவிட்டார். தேவைக்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழாது. தெருவில் அவருக்குப் பெயர் பூட்டு. பூட்டும் ரேடியோவும் ஒரே அறையில் எப்படிக் குப்பை கொட்டுகிறார்கள் என்பது கீழே கண்ணாடிக் கடைக்காரருக்குத் தீராத சந்தேகம்.

மாமியார் சொன்னதில் திட்டுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்.

மருமகள் துறைமுக பஸ்ஸில் கண்டக்டர். நேற்று மத்தியானம் வெளியூர்ச் சுற்றுலாக்காரர் ஒருவர் அந்த பஸ்ஸில் ஏறினார். இறங்கும்போது பையைக் காணோம் என்று ஊரைக் கூட்டினார். பைக்குள் அவருடைய அக்காவின் வைர நெக்லஸ். கொக்கி உடைந்திருந்ததால், இந்த ஊரில் நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், பழுது பார்த்து எடுத்து வா என்று அக்கா கொடுத்தனுப்பியது. பை வழியை அடைக்கிறது என்று கண்டக்டர்தான் வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தாள் என்பது அவர் கட்சி. அந்த ஆள் கழுத்தில் கேமராவோடுதான் ஏறினார், பையே கிடையாது என்பது இவள் கட்சி. பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் கும்பகர்ணனின் ஒன்றுவிட்ட தம்பிகள். டிரைவரைக் கேட்டால், அவருக்கும் இவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறதாம். தான் ரோட்டை மட்டும்தான் பார்ப்பதாகவும், அந்தம்மா முகத்தைப் பார்க்கத் தனக்கு யாரும் சம்பளம் தரவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

இன்று ராத்திரி சுற்றுலாக்காரருக்கு விமானம். அதற்குமுன் புகாரில் கையெழுத்துப் போடுவார். போட்டதும் மருமகளை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். வேலை போகும், மானம் போகும், ஜெயிலும் உண்டு. நேற்றிலிருந்து காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

“அவளைத் திட்ட எனக்கு உரிமை இருக்கு” என்றார் மாமியார். “எவனோ ஒருத்தன் எங்கிருந்தோ வந்து திருடின்னு சொல்ல, அவன் யாரு?”

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சம்மதம் என்றால் அவரிடம் அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டருக்கு அண்ணியைக் கண்டால் கடைவாய்ப் பல்லில் ஐஸ் பட்ட மாதிரி இருக்கும். அவர் மூடிக் கட்டிப் பரணில் போட்ட ஒரு வழக்கை அண்ணி ஒரு தடவை இறக்கித் தூசு தட்டிவிட்டார். அந்தத் தூசு இன்னும் அவர் கண்ணிலேயே இருந்தது. சுற்றுலாக்காரர் நேற்று சுற்றிய வழியிலேயே இன்று ஒரு தடவை சுற்றிக் காட்ட வேண்டும் என்று அண்ணி கேட்டபோது, அவர் முழு மனதோடு ஒப்புக்கொண்டார். இந்தம்மா ஊர் பூராவும் அலைந்து வெறுங்கையோடு திரும்புவதைத் தானே கூட வந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. சுற்றுலாக்காரர்தான் முரண்டு பிடித்தார். சுற்றினால்தான் நகை களவு போனதாக அக்காவிடம் காட்டப் போலீஸ் சான்று கிடைக்கும் என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார்.

ஆக, அவர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் பக்கத்து மணிக்கூண்டு ஸ்டேஷனில் நாலு பேரும் மெட்ரோவுக்காகப் பாதாளத்தில் இறங்கினார்கள்.

அந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரித்தால் அபராதம் என்று ஒரு சட்டம் இருந்து, அதற்கு ஊரே கட்டுப்பட்டு நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பார்கள். முழங்கையைச் சாணை பிடித்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். வழி கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மணி கேட்டால் வழியைப் பார்ப்பார்கள்.

எதிர்ப் பிளாட்பாரத்தில் டிங், டிங் என்று இரண்டு மணி அடித்தது. அங்கே நின்ற கூட்டம், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல், ஒரு வார்த்தை பேசாமல் நடுப்பக்கமாக நகர்ந்தது. பெட்டியும் கையுமாக ஒரு புதுத் தம்பதி மட்டும் கடைசியில் அப்படியே நின்றார்கள். வந்தது குட்டை ரயில். முழு ரயிலில் பாதிதான் நீளம், பிளாட்பாரத்தின் நடுவில்தான் நிற்கும். தம்பதி பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு மணி அடித்தால் குட்டை ரயில் என்று எந்தப் போர்டிலும் எழுதியிருக்காது. யாரும் யாருக்கும் சொல்லவும் மாட்டார்கள். தெரியாதவர்கள் ஓடட்டும், பார்க்கலாம் என்பது ஊரின் கொள்கை. ரேடியோவும் வேடிக்கை பார்த்துவிட்டு, திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டான்.

சுற்றுலாக்காரர் போட்டிருந்தது பச்சைக்கிளிகள் பறக்கும் சட்டை. கையில் படுக்கை விரிப்பு அகலத்துக்கு ஒரு வரைபடம். ரேடியோ பார்த்த உடனே கிளிச்சட்டை என்று பெயர் வைத்துவிட்டான்.

“இந்த ஊருக்கு முதல் தடவையா வர்றேன், இதுவே கடைசியும்” என்றார் கிளிச்சட்டை. “இங்க நாய்கூட முறைக்குது.”

“ஆள் பார்த்துத்தான் முறைக்கும்” என்றான் ரேடியோ.

சொல்லிவிட்டு, வழக்கம்போல் பிளாட்பாரத்தின் கடைசித் தூணை நோக்கி நடந்தான். கடைத்தெருவுக்குச் சீட்டாடப் போகிற நாளெல்லாம் அவன் நிற்கிற இடம் அது. இன்று போவது கடைத்தெருவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கிற மியூசியத்துக்குத்தான், இருந்தாலும் கால் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், அந்தத் தூணில் கிளிச்சட்டை சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ரேடியோவுக்கு வந்த கோபத்தில் காதிலிருந்து புகை வந்ததை ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்திருந்தால் தீயணைப்பு வண்டிக்கே சொல்லியனுப்பியிருப்பார்.

“அண்ணி, என் தூணை அந்தாளு பிடிச்சுக்கிட்டான்.”

“உன் பேர் எழுதியிருக்கா?”

“என் முதுகு தேய்ச்ச பளபளப்பு இருக்கு, பாருங்க.”

அண்ணி தூணைப் பார்த்தார். ஒரு தூணை அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியாமல் ரேடியோவும் பார்த்தான். பிறகு அண்ணி கிளிச்சட்டையிடம், நேற்றும் இங்கேதான் நின்றீர்களா என்று கேட்டார்.

“எங்க நின்னா என்னம்மா? ரயில் எனக்குன்னு தனியாவா வரப்போகுது?” என்று எரிந்து விழுந்தார் அவர்.

ரயில் வந்தது. கடைசிக் கதவில் ஏறி, மியூசியம் ஸ்டேஷனில் கடைசிக் கதவில் இறங்கினார்கள். வெளியே போகும் படிக்கட்டோ முன்கோடியில். பிளாட்பாரம் முழுக்க நடக்க வேண்டியிருந்தது. ஜீப்பைத் தவிர வேறு வாகனத்தில் ஏறிப் பழகாத இன்ஸ்பெக்டருக்குப் பாதியிலேயே மூச்சு முட்டியது. இவ்வளவு தூரம் நடப்பதற்கு ரயில் எதற்கு, லாட்ஜிலிருந்தே நடந்து வந்திருக்கலாமே என்று தூணுக்குத் தூண் நின்று சபித்தார். அண்ணி அவரை முதல் தடவையாக அன்போடு பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

ரேடியோ அதற்குள் வழக்கை முடித்துவிட்டிருந்தான். கிளிச்சட்டை நேற்று லாட்ஜைவிட்டு நகரவே இல்லை, கேமராவில் இருக்கும் படமெல்லாம் தபால் அட்டையைப் பார்த்து எடுத்தது என்பது அவன் கண்டுபிடிப்பு. தப்பாகப் போனால் துறைமுகம் போய்ச் சேரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று பந்தயமும் கட்டினான். மியூசியம் காவலாளியோ கிளிச்சட்டையைக் கண்டதும் தடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நேற்று கயிற்றைத் தாண்டிப் போய்க் கல் யானையின் தந்தத்தில் தொங்கிய மகாராஜன் இவன்தான் என்று அடையாளம் சொன்னார். ஆக, நேற்று வந்தது உண்மை.

“ரேடியோவை அணைச்சாச்சு போல” என்றார் இன்ஸ்பெக்டர்.

ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டான். உள்ளே தேங்கிய பேச்சில் அவன் கன்னம் இரண்டும் தவளை மாதிரி வீங்கின.

துறைமுகத்துக்கு டிராம். கிளிச்சட்டை வரைபடத்தை விரித்துப் பிடித்ததில் ஒரு வக்கீலின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து, வழக்குப் போடுவேன் என்று அவர் எழுந்து நிற்க, அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட, அங்கே தனியாக ஒரு சண்டை கிளம்பியது. கிளிச்சட்டை கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் வழி கேட்டார். இது துறைமுகம் போகுமா, எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் கதவு? யாரும் மரியாதையாகப் பதில் சொல்லவில்லை.

அண்ணி ரேடியோவின் காதருகே குனிந்தார். “அந்தாளு எல்லாரையும் கேட்கறார். ஆனா பதிலைக் கேட்கறதே இல்ல, பார்த்தியா?”

ரேடியோ பார்த்தான். உண்மைதான். எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று ஒரு பூக்கடைக்காரியிடம் கேட்டுவிட்டு, அவள் முகத்தைச் சுளித்து வாயைத் திறப்பதற்குள் சரியான பக்கத்தில் இறங்கிவிட்டார். ரேடியோ சொல்ல நினைத்ததற்கு ஒரு நாள் போதாது. பந்தயம் தடுத்தது.

துறைமுகத்திலிருந்து அதே பஸ், அதே டிரைவர். கண்டக்டர் மட்டும் வேறு. டிரைவரிடம் அண்ணி ஏதோ கேட்க, அவர் கண்ணாடிக்கு வெளியே இருந்த ரோட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்: சத்தம் போடாத கண்டக்டர் கொடுத்திருக்கிறார்கள், நிம்மதியாக இருக்கிறது, ஆனால் எந்த நிறுத்தம் வருகிறது என்றே தெரியவில்லை. கிளிச்சட்டை தன் சீட்டைக் காட்டினார், பை வைத்த இடத்தைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்து அக்காவை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீரும் காட்டினார். நேற்று சொன்னதற்கும் இன்று சொன்னதற்கும் நூல் அளவு வித்தியாசமில்லை.

மணிக்கூண்டில் இறங்கியதும் இன்ஸ்பெக்டரின் முகம் ஆயிரம் விளக்குப் போட்ட கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

“முடிஞ்சுதா மேடம்? ஊரைச் சுத்திக் காட்டினதுக்கு நன்றி. வாங்க சார், கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா ஊருக்குக் கிளம்புங்க.”

ஜீப்புக்கு போன் போட்டார். ஜீப் மேம்பாலத்தின் கீழ் ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. காவல் நிலையமும் இதே மெட்ரோ பாதையில் கடைசி ஸ்டேஷன் பக்கத்தில்தானே இருக்கிறது, ரயிலிலேயே போய்விடலாமே என்றார் அண்ணி. தோற்றவர் சொல்வதைக் கேட்பதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாக இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. மறுபடி பாதாளம். கிளிச்சட்டை கைபேசியில் விமானச் சீட்டைப் பார்த்துக்கொண்டே நடந்து, கடைசித் தூணில் போய்ச் சாய்ந்தார். ரேடியோ பல்லை நறநறவென்று கடித்தான்.

முதலில் வந்த முழு ரயிலில் ஏற வேண்டாம், கூட்டமாக இருக்கிறது என்றார் அண்ணி. அடுத்ததையும் வேண்டாம் என்றார். இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

டிங், டிங்.

கூட்டம் நடுப்பக்கமாக நகர்ந்தது. ரேடியோவின் காலும் கிளம்பியது. சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அண்ணி. அந்தப் பிடி வலித்தது. இன்ஸ்பெக்டர் எதுவும் புரியாமல் தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூணாக நின்றார்.

கிளிச்சட்டை கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலேயே, கூட்டத்தோடு கூட்டமாக, முழங்கையால் இரண்டு பேரை ஒதுக்கிக்கொண்டு நடுவுக்குப் போய் நின்றார். குட்டை ரயில் வந்தது. கதவு சரியாக அவர் மூக்குக்கு எதிரே திறந்தது. ஏறினார். ஏறித் திரும்பியபோதுதான் கூட வந்தவர்களைக் காணோம் என்று பார்த்தார். தூரத்தில், காலிப் பிளாட்பாரத்தின் கோடியில், கடைசித் தூணருகே மூன்று பேர் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டையில் இருந்த கிளிகள்கூட வெளிறிப்போன மாதிரி ரேடியோவுக்குத் தோன்றியது.

கதவு சாத்திக்கொண்டது. ரயில் போய்விட்டது.

“மேடம், உங்களாலதான் ரயிலை விட்டோம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நீங்க ஏன் சார் நகரல?”

“இங்கதானே நின்னுக்கிட்டிருந்தோம்? ரயில் அங்க போய் நிக்கும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?”

“பிறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல இருக்கற உங்களுக்கே தெரியல. முதல் தடவை வந்தவர் தலையைக்கூடத் தூக்காம போய் நிக்கறார்.”

இன்ஸ்பெக்டரின் வாய் திறந்தது. மூடுவதற்கான உத்தரவு மேலிடத்திலிருந்து வரவில்லை.

“அவரு இங்க வருஷக்கணக்கா ரயில் ஏறினவர்” என்றார் அண்ணி. “வாய் மறைச்சாலும் கால் மறைக்கல. காலையிலயும் இந்தத் தூணுக்குத்தான் வந்தார். மியூசியம் போறவன் எவனும் இங்க நிக்க மாட்டான், அங்க எவ்வளவு நடந்தோம்னு உங்க மூச்சைக் கேளுங்க. இங்க நின்னா எந்த ஸ்டேஷன்ல நடக்க வேண்டாம்? தம்பி, நீ சொல்லு.”

பந்தயம் முடிந்து வெகு நேரமானது அப்போதுதான் ரேடியோவுக்கு நினைவு வந்தது.

“கடைத்தெரு, அண்ணி. கதவு திறந்தா நேரா சின்னப் படிக்கட்டு. அங்க அது ஒண்ணுதான் காலியா இருக்கும். மத்தவங்க எல்லாம் நடுவுல இருக்கற பெரிய படிக்கட்டுல மிதிபட்டுச் சாவாங்க. சின்னப் படி ஏறினா எதிர்க்கவே...” ரேடியோவின் குரல் பாதியில் நின்றது. அவன் வாழ்க்கையில் அது நடந்ததே இல்லை. “எதிர்க்கவே பயணிகள் பை வைக்கிற க்ளோக் ரூம்.”

அடுத்த ரயில் முழு ரயில். கடைசித் தூணுக்கு நேராகக் கதவு திறந்தது. அப்போதும் இன்ஸ்பெக்டர் தவித்துக்கொண்டுதான் இருந்தார்: ஆள் முந்திப் போய்விட்டான், பையை எடுத்துக்கொண்டு பறந்திருப்பான். அண்ணி ஜன்னலுக்கு வெளியே ஓடும் இருட்டைப் பார்த்துக்கொண்டு, குட்டை ரயில் கடைத்தெருவிலும் நடுவில்தான் நிற்கும் என்று மட்டும் சொன்னார்.

கடைத்தெருவில் கதவு திறந்ததும் எதிரே சின்னப் படிக்கட்டு, காலியாக. இன்ஸ்பெக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவினார். அவருக்குத் தாவ வரும் என்பது டிபார்ட்மெண்டுக்கே தெரியாது. மேலே வந்தால், அந்தப் பக்கம் பெரிய படிக்கட்டின் வாயிலிருந்து, சட்டை கசங்கி, வரைபடம் கிழிந்து, ஒரு காலில் செருப்பில்லாமல் கிளிச்சட்டை அப்போதுதான் பிதுங்கி வெளியே வந்துகொண்டிருந்தார். கரும்பு மெஷினில் விட்டு எடுத்த மாதிரி இருந்தார். இவர்களைக் கவனிக்காமல் நேராக க்ளோக் ரூம் கம்பி ஜன்னலுக்கு ஓடி, உள்ளே டோக்கனை நீட்டினார்.

ஜன்னலுக்குள் இருந்தவர் ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தார். இடைவேளை என்ற அட்டையை விரலால் தட்டிக் காட்டினார்.

“அவசரம்” என்று கெஞ்சினார் கிளிச்சட்டை.

“உனக்கு என்னிக்கு அவசரமில்ல?” என்றார் அவர், மென்றுகொண்டே. “எதிர்க்க வாட்ச் கடையில வேலை பார்த்தப்பவும் தினம் இந்தப் படியில இடிச்சுக்கிட்டே ஓடுவ. ஒரு நாள் நின்னு ஒரு வணக்கம் சொல்லியிருப்பியா? இப்ப மட்டும் நான் பன்னைப் பாதியில வைக்கணுமா?”

பன் முடிவதற்குள் இன்ஸ்பெக்டரின் கை கிளிச்சட்டையின் பிடரியில் விழுந்தது. நேற்றுக் காலைத் தேதியிட்ட சீட்டோடு பை வெளியே வந்தது. உள்ளே, அழுக்குத் துண்டில் சுற்றி, கொக்கி உடைந்த நெக்லஸ்.

அப்போதும் கிளிச்சட்டை இறங்கி வரவில்லை. “எங்கக்கா நகை. எனக்கும் எங்கக்காவுக்கும் நடுவுல நீங்கல்லாம் யாரு?” என்று சீறினார்.

“உங்கக்காவுக்கு போன் போட்டுக் கேட்டுடுவோம்” என்றார் அண்ணி. அது மட்டும் வேண்டாம் என்று கிளிச்சட்டை கையெடுத்துக் கும்பிட்டார்.

காவல் நிலையத்து பெஞ்சின் ஒரு முனையில் கண்டக்டரம்மா, மறுமுனையில் மாமியார். நடுவில் குடை. இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போகலாம் என்று விரலை மட்டும் ஆட்டிவிட்டு, கிளிச்சட்டையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

கண்டக்டரம்மா எழுந்திருக்கவில்லை. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க எதுக்கு வந்தீங்க? நான் உள்ள போறதைப் பார்த்துட்டுப் போகவா?”

“ஆமா” என்றார் மாமியார். “எழுந்திரு. நேத்துலேர்ந்து வீட்டுல உன் புருஷன் சமையல். அதுக்கு உன் காபியே தேவலாம்.”

கண்டக்டரம்மாவின் முகம் ஒரு கணம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று ரேடியோ பந்தயம் கட்டத் தயாராவதற்குள் அவள் எழுந்து, குடையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வெளியே நால்வரும் ரோட்டைக் கடக்கக் காத்திருந்தபோது துறைமுக பஸ் வந்தது. அங்கே நிறுத்தமே கிடையாது. பஸ் நின்றது. டிரைவர் தலையைத் திருப்பவில்லை, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆயிரம் வண்டிகள் ஹாரன் அடித்தன. முன்கதவு மட்டும் புஸ்ஸென்று திறந்தது.

ரேடியோதான் முதலில் ஏறினான். வெற்றி வீரனாகப் படிக்கட்டருகிலேயே நின்று, தூணும் தானுமாக இந்த வழக்கை உடைத்த கதையைப் பயணிகளுக்கு ஆரம்பித்தான். பின்னால் ஏறிய கண்டக்டரம்மாவின் கை, இன்று டியூட்டி இல்லை என்பதையெல்லாம் யோசிக்காமல், தானாக மேலே போய் மணிக்கயிற்றைப் பிடித்தது.

“உள்ள போங்க. வழியில நிக்காதீங்க.”

“உங்களைக் காப்பாத்தினவன்மா நான்” என்றான் ரேடியோ.

“காப்பாத்தினவங்களும் உள்ளதான் போகணும்” என்று சொல்லி மணியை இழுத்தாள் கண்டக்டரம்மா.